அலமாரிக்கு மேல் உறங்கும் வயலின்

மாணவர்களே, உங்கள் வீட்டில் ஓர் இசைக்கருவி இருக்கிறதா? வயலின், மிருதங்கம், வீணை, புல்லாங்குழல், கீபோர்டு, கித்தார், எதுவாகவும் இருக்கட்டும். அது இப்போது எங்கே இருக்கிறது? கடைசியாக அதை எப்போது எடுத்து வாசித்தீர்கள்?

படிவம் மூன்று அறிவியலின் முதல் பாடமான 'தூண்டலும் துலங்கலும்' நடத்திக்கொண்டிருந்தபோது என் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒன்பது பேர் கை தூக்கினார்கள். அதில் ஆறு பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: "முன்னாடி கத்துக்கிட்டேன் டீச்சர், இப்ப விட்டுட்டேன்." ஏன் என்று கேட்டால், "மூட் வரல டீச்சர்."

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அப்படி விட்டவள்தான். தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அம்மா, மிகைநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் எனக்கு ஒரு வயலின் வாங்கித் தந்தார். சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசையில் பாதி வரை வந்தேன். அந்த ஆண்டு பிஎம்ஆர் தேர்வு. "தேர்வு முடியட்டும், மறுபடியும் தொடங்குகிறேன்" என்று பெட்டியை அலமாரிக்கு மேல் வைத்தேன். மீண்டும் அதைக் கீழே இறக்க 19 ஆண்டுகள் ஆயின. வில்லில் கட்டியிருந்த குதிரை முடியைப் பூச்சி அரித்திருந்தது. இரண்டு கம்பிகள் அறுந்து கிடந்தன. அந்த 19 ஆண்டுகளில் அம்மா ஒரு முறைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் பெட்டியின் மேல் மட்டும் தூசி இல்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆர்வம் போனதால் பயிற்சி நின்றதா, அல்லது பயிற்சி செய்த முறை தவறாக இருந்ததால் ஆர்வம் போனதா? இந்த வாரம் அந்தக் கேள்வியை அறிவியலின் துணையோடு பார்ப்போம். எனக்குத் தெரிந்த கருவி என்பதால் வயலினை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கருவிக்காரர்கள் அவரவர் கருவிக்குப் பொருத்திக்கொள்ளுங்கள்.

விரல் எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

கித்தாரில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்ட உலோகக் கட்டைகள் உண்டு. வயலினில் ஒன்றும் கிடையாது. வெறும் கறுப்புப் பலகைதான். முழு அளவு வயலினில் அதிரும் கம்பியின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். கர்நாடக இசையில் முதலில் கற்றுத்தரும் மாயாமாளவகௌளை ராகத்தை அந்தக் கம்பியில் அளந்து பார்ப்போமா?

கம்பியைத் தொடாமல் வில்லை இழுத்தால் 'ச'. கம்பியின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கைக் குறைத்தால் 'ரி'. அதாவது மேல் முனையிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தள்ளி விரல் வைக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 'க'. அது 6.6 சென்டிமீட்டர். நான்கில் ஒரு பங்கைக் குறைத்தால் 'ம'. அது 8 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆக, முதலில் ஒரு சிறிய இடைவெளி, பிறகு ஒரு பெரிய இடைவெளி, மீண்டும் ஒரு சிறிய இடைவெளி.

இப்போது அடுத்த கம்பிக்கு வாருங்கள். அது 'ப' சுருதியில் இருக்கும். அதில் 'த', 'நி', மேல் 'ச' ஆகியவற்றுக்கு விரல் வைக்க வேண்டிய இடங்கள் எவை? முதல் கம்பியில் வைத்த அதே இடங்கள்! ராகத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. விரலுக்கு ஒரே பாடம், இரண்டு கம்பிகளில். தொடக்க மாணவருக்கு இந்த ராகத்தை வகுத்துத் தந்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. என் பழைய வயலினைப் பழுதுபார்த்து, அளவுகோலை வைத்து இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் 'சரிகமப' எனக்கு அவ்வளவு சலித்திருக்காது.

சரி, இடம் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறினாலே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி முகம் சுளிப்பார். வாசிக்கும்போது அளவுகோல் வைக்க முடியாது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியாது. காது தவறைக் கேட்கிறது, மூளை திருத்தம் அனுப்புகிறது, விரல் நகர்கிறது. இந்தச் சுற்று ஆயிரக்கணக்கான முறை நடந்த பிறகுதான் விரல் தானாகவே சரியான இடத்தில் விழும்.

மூளைக்குள் அப்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, திரும்பத் திரும்பச் சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறுகின்றன. மற்றொன்று, நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறதல்லவா, அது சம்பந்தப்பட்டது. உறை இல்லாத மெல்லிய இழையில் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில்தான் போகும். உறையுள்ள தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டரைத் தொடும். சிறுவயதில் அதிக நேரம் பயிற்சி செய்த பியானோ கலைஞர்களின் மூளையில் இத்தகைய இழைகள் செல்லும் சில பகுதிகள் வேறுபட்டு அமைந்திருப்பதை 2005இல் சுவீடன் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1995இல், தாமஸ் எல்பர்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய குழுவும் வயலின் போன்ற கம்பிக் கருவி வாசிப்போரின் மூளையை ஆராய்ந்தனர். இடது கை விரல்களின் தொடு உணர்வைக் கையாளும் புறணிப் பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிட விரிந்திருந்தது. கருவியின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கும் கட்டைவிரலுக்கு அந்த அளவு விரிவு இல்லை! எந்த விரலுக்கு வேலையோ அந்த விரலுக்கு இடம்.

நீங்கள் தூங்கும்போது யார் பயிற்சி செய்கிறார்கள்?

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். கருவி வேண்டாம். ஒரு மேசையும் ஒரு கைத்தொலைபேசியும் போதும்.

இடது கையை மேசை மேல் வையுங்கள். சுண்டுவிரல் 1, மோதிரவிரல் 2, நடுவிரல் 3, ஆள்காட்டிவிரல் 4. இப்போது 4-1-3-2-4 என்ற வரிசையில் விரல்களால் தட்டுங்கள். 30 நொடியில் முழு வரிசையைப் பிழையில்லாமல் எத்தனை முறை முடிக்கிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு 30 நொடி ஓய்வு. இப்படிப் பன்னிரண்டு சுற்று. கடைசி மூன்று சுற்றுகளின் சராசரியைக் குறித்து வையுங்கள். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் வலது கையால் செய்யுங்கள்.

இரவு அதைச் செய்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலை, இடையில் எந்தப் பயிற்சியும் செய்யாமல், மூன்று சுற்று மட்டும் தட்டி மீண்டும் எண்ணுங்கள்.

2002இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் மேத்யூ வாக்கரும் அவருடைய குழுவினரும் இதே வரிசையை விசைப்பலகையில் தட்டச் செய்தார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. காலையில் பயிற்சி செய்து, அதே 12 மணி நேரத்தை விழித்தே கழித்தவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. தூங்கும்போது மூளை அன்றைய அசைவுகளை ஒழுங்குபடுத்திப் பதிய வைக்கிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம்.

இங்கே ஓர் அறிவியல் ஆசிரியையாக நான் இடைமறிக்க வேண்டும். பின்னால் வந்த சில ஆய்வாளர்கள், அந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் தூக்கமல்ல, முதல் நாள் விரல்கள் களைத்துப் போயிருந்ததும் மறுநாள் அந்தக் களைப்பு நீங்கியதும்தான் என்று காட்டினார்கள். ஆகவே உங்களுக்கு 20 விழுக்காடு வராவிட்டால் பதற வேண்டாம். வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு குழு இரவிலும் இன்னொரு குழு காலையிலும் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு இதில் என்ன பாடம்? சனிக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசித்தால் அதற்குப் பின்னால் வருவது ஓர் இரவு. அதே இரண்டு மணி நேரத்தை ஆறு நாளுக்கு இருபது இருபது நிமிடமாகப் பிரித்தால் ஆறு இரவுகள். செலவழித்த நேரம் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் பாதி மறந்ததை மீட்டெடுக்க மூளை சற்றுப் போராடுகிறதே, அந்தப் போராட்டமும் பதிவை ஆழமாக்குகிறது. எனக்குச் சனிக்கிழமை காலையில் வகுப்பு. வெள்ளிக்கிழமை இரவில்தான் பெட்டியைத் திறப்பேன். வகுப்பில் நன்றாக வந்தது அடுத்த வெள்ளிக்கிழமை காணாமல் போயிருக்கும். எனக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டினேன். உண்மையில் எனக்கு இல்லாமல் போனது நடுவில் இருந்த ஐந்து இரவுகள்.

முன்னேற்றம் நின்றுபோன மாதம்

பெரும்பாலோர் கருவியை விடுவது தொடக்கத்தில் அல்ல. தொடக்கத்தில் எல்லாமே புதிது. வாரம் ஒரு வரிசை முடியும். ஆறு மாதம், ஓராண்டு கழித்து ஒரு கட்டம் வரும். எவ்வளவு வாசித்தாலும் நேற்று போலவே இன்றும் இருக்கும். அங்கேதான் பெட்டி அலமாரிக்கு மேல் ஏறுகிறது.

1897இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் இதை முதன்முதலாக அளந்து வரைபடமாக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தது இசைக்கலைஞர்களை அல்ல, தந்தி அலுவலர்களை. மோர்ஸ் ஒலிகளைக் கேட்டு எழுதப் பழகுவோரின் வேகம் முதலில் மளமளவென்று ஏறியது. பிறகு பல வாரங்கள் வரைகோடு மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. அதற்குப் பின் திடீரென்று மீண்டும் ஏறியது.

அந்தத் தட்டையான வாரங்களில் என்ன நடந்தது? தொடக்கத்தில் அவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டார்கள். பின்னர் முழுச் சொல்லாக, அதன் பின் சொற்றொடராகக் கேட்கத் தொடங்கினார்கள். கீழ்ப்படியில் உள்ள எழுத்துகள் யோசிக்காமலே வரும் அளவுக்குப் படியும்வரை மேல்படி திறக்காது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் காலம் அது.

நீங்கள் தமிழ் வாசிக்கக் கற்ற நாளை நினைத்துப் பாருங்கள். 'அ', 'ம்', 'மா' என்று கூட்டிய காலம் போய், 'அம்மா' என்று ஒரே பார்வையில் தெரியும் நாள் எப்போது வந்தது? தேதி சொல்ல முடியாது. சுரங்களும் அப்படித்தான். 'ஸரிகம' நான்கு தனிச் சுரங்களாக இருந்து ஒரே கைவீச்சாக மாறும் வரை இரண்டாம் காலத்தில் விரல் தடுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஆனால் எல்லாத் தேக்கமும் காத்திருந்தால் தீரும் என்று நான் சொல்லவில்லை. தவறாக வாசித்ததையே திரும்ப வாசித்தால் தவறுதான் ஆழமாகப் பதியும். மயலினுக்குச் சுத்தமான சுரம், அபசுரம் என்ற வேறுபாடு தெரியாது. அதனால்தான் நம் ஆசிரியர்கள் ஒரே பாடத்தை மூன்று காலத்தில் வாசிக்கச் சொல்கிறார்கள். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மூன்றாம் காலத்தில் விரல் குழறினால் முதல் காலத்துக்கு இறங்குங்கள். குழறிய நான்கு சுரங்களை மட்டும் எடுத்து மெதுவாகச் செய்யுங்கள். முழு வரிசையையும் மறுபடி முதலிலிருந்து வாசிப்பது நமக்கு இதமாக இருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி நமக்கு ஏற்கெனவே வரும்!

இன்னொரு வழி, பாடங்களைக் கலந்து வாசிப்பது. 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று வகைக் கையசைவுகள். ஒரு குழு முதல் அசைவை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. மற்றொரு குழு மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்தது. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாக முன்னேறியது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது முந்தி நின்றது, மாற்றி மாற்றிச் செய்த குழு. பயிற்சியில் சுலபமாக வருவது வேறு, மனத்தில் நிற்பது வேறு. ஆகவே இருபது நிமிடமும் ஒரே ஜண்டை வரிசை வேண்டாம். கொஞ்சம் சரளி, கொஞ்சம் ஜண்டை, ஒரு கீதம், மறுபடி ஜண்டை. தடுமாற்றம் கூடும். கூடட்டும்.

இந்தத் தட்டையான வாரங்களில் மனம் தளராமல் இருக்க எனக்கு உதவியது ஒரு சாதாரண வேலை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே வரிசையைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்வேன். அன்றே கேட்க மாட்டேன். ஆறு வாரம் கழித்துத்தான் கேட்பேன். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாது. ஆறு வாரத்துக்கு முந்தைய பதிவைக் கேட்டபோது நான் வாசித்தது இவ்வளவு மோசமாகவா இருந்தது என்று வெட்கமாக இருந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது.

"மூட்" வரும் வரை காத்திருக்கலாமா?

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய எண் அது. தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆனதாக அவர் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து, 2010இல் தம் முடிவுகளை வெளியிட்டது. ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட ஆகும் காலம் ஆளுக்கு ஆள் மாறியது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நின்ற எண் 66. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஒரு நாள் விட்டதும் "போச்சு, எல்லாம் போச்சு" என்று ஒரு மாதம் விடுகிறோமே, அதுதான் கெடுக்கிறது.

அந்த ஆய்வில் பங்கேற்ற ஒவ்வொருவரும் தம் செயலை நாளில் ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு இணைத்துக்கொண்டார்கள். 'காலை உணவுக்குப் பிறகு' என்பதுபோல. தூண்டல், துலங்கல்! "நேரம் கிடைத்தால் வாசிப்பேன்" என்பதில் தூண்டலே இல்லை. "பள்ளியிலிருந்து வந்து குளித்ததும் பாயை விரித்து உட்காருவேன்" என்பதில் இருக்கிறது. கருவியையும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நாற்காலி போட்டு ஏறி, பெட்டியை இறக்கி, பூட்டைத் திறந்து, சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பாதி மனம் கைத்தொலைபேசிக்குப் போய்விடும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் மரம் ஊதி முறுக்காணிகள் இறுகும். குளிர்சாதன அறையில் மரம் சுருங்கி அவை வழுக்கும். ஆகவே ஒரே அறை, வெயில் படாத மூலை. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த மறக்காதீர்கள். அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாரை நினைத்துத் தயங்குபவர்கள், குதிரையில் பொருத்தும் சிறிய ரப்பர் ஒலிதணிப்பானை இசைக்கருவிக் கடையில் கேளுங்கள்.

அடுத்தது பெற்றோருக்கு. இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டினாலும் சரி. 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் அவருடைய நண்பர்களும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். "அரை மணி நேரம் வாசித்தால் ஐந்து ரிங்கிட்" என்று பேரம் பேசும் அப்பாக்களே, கொஞ்சம் யோசியுங்கள். கூப்பிடாமலே வந்து அருகில் உட்கார்ந்து ஒரு பாடலைக் கேட்டுவிட்டுப் போவது வேறு கணக்கு.

தேர்வு மாதங்களில் என்ன செய்வது? எஸ்பிஎம் எழுதுபவர்களிடம் தினமும் ஒரு மணி நேரம் வாசியுங்கள் என்று சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் போதும். அதுவும் முடியாத நாளில் மனத்துக்குள் வாசிக்கலாம். இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. 1995இல் அல்வாரோ பாஸ்குவல்-லியோனே என்பவரின் குழு, பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைத் தந்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் என ஐந்து நாள் செய்யச் சொன்னது. ஒரு பிரிவினர் விரலை அசைக்காமல் மனத்தில் மட்டும் வாசித்தார்கள். அவர்களுடைய மூளையிலும் விரல்களுக்கான பகுதியில் மாற்றம் தெரிந்தது. வாசிப்புத் திறன் நிஜமாக வாசித்தவர்களின் அளவுக்கு வரவில்லை. ஆனால் ஒரே ஒரு முறை உண்மையான பயிற்சி செய்ததும் அவர்களை எட்டிவிட்டார்கள். பள்ளிப் பேருந்தில் கண்ணை மூடி, 'ரி'க்கு விரல் எங்கே, 'க'வுக்கு எங்கே என்று ஒரு வரிசையை ஓட்டிப் பாருங்கள். பதினைந்து வயதில் இது எனக்குத் தெரிந்திருந்தால் "தேர்வு முடியட்டும்" என்று பெட்டியை மூடியிருக்க மாட்டேன்.

இப்போது இரவு எட்டரை மணிக்கு, பாத்திரம் கழுவி முடித்ததும் உட்காருகிறேன். இருபது நிமிடம். ஜண்டை வரிசையில் விட்ட இடத்தைத் தாண்டி, அலங்காரத்துக்கு வந்திருக்கிறேன். மூன்றாம் காலம் இன்னும் குழறுகிறது. போன வியாழக்கிழமை பள்ளியில் கூட்டம் நீண்டு, வாசிக்கவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு நான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இன்னிக்கும் இல்லியா?"

பாயை விரித்தேன்.